செட் அண்ணாச்சி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவுக்கு அவர் செட் அண்ணாச்சி. என்ன தொழில் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பட்டா மாற்றமா, பையனுக்குப் பெண்ணா, பழைய பைக்கா, எதுவானாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விடுங்க தம்பி, செட் பண்ணிரலாம்" என்பார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். துண்டுக்குப் பதில் புளூடூத் மாட்டியிருக்கலாம்.

காலை டீக்கடையில் "ஒரு செட் பூரி வையி" என்று ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் கடைப் பையனிடம், "ரெண்டு செட் போடுடே." வயல்காரரிடம், "பம்புசெட் ஓடுதா?" முந்தின நாள் சீட்டாட்டத்தைப் பற்றி, "மூணு ராஜா செட்டு சேர்ந்து என்ன செய்ய, ரம்மி சேரலையே! எண்பதும் குடுத்தான்." அந்த ஆள் ஏன் உருப்படவில்லை என்றால், "அவன் சேர்ந்த செட்டு அப்படி."

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் வருடப் பதிப்பில் 'செட்' என்ற இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 430 பொருள் சொல்லியிருந்தார்கள். பிற்பாடு 'ரன்' 645 பொருளோடு வந்து அதை முந்திவிட்டது. தொகுத்தவர்கள் எங்கள் டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது என் கட்சி. அண்ணாச்சி சொல்லும் 'செட் ஆயிரும்' என்பதற்கான பொருள் அந்தப் புத்தகத்தில் இருக்க வழியே இல்லை. சிமெண்ட் செட் ஆவதற்குக்கூட, அதாவது இறுக ஆரம்பிக்க 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுகி முடிக்கப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கத் தரவிதி இருக்கிறது. அண்ணாச்சியின் செட்டுக்கு முதல் கணக்கு மட்டும்தான். என் பட்டா இறுகிக்கொண்டிருப்பது இது மூன்றாவது வருஷம்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. புத்தியில்லாமல் அவரிடமே போய், "அண்ணாச்சி, செட்டு ஒண்ணு சொல்லிருங்க" என்றேன். நான் கேட்டது ரேடியோ செட். குழாய் கட்டி நாலு பாட்டுப் போட்டால் போதும். விடியற்காலை ஐந்தரைக்கு வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். டிரம் செட்! முதல் அடியிலேயே காது குத்த வேண்டிய பிள்ளை வீறிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் குனிந்தே கெஞ்சினார். அண்ணாச்சியோ தாளத்துக்குத் தலையாட்டியபடி, "எப்படி செட் பண்ணிருக்கேன் பாத்தீங்களா?" என்றார். எட்டுப் பேருக்கும் காலைச் சாப்பாடு என் கணக்கு. அதிலும் பூரிதான், செட் செட்டாக.

கோபம்தான். ஆனால் அக்காவுக்கு ரத்தம் தேவைப்பட்ட ஒரு ராத்திரியில், இரண்டு மணிக்கு நான்கு கல்லூரிப் பையன்களை ஆட்டோவில் திணித்துக்கொண்டு வந்தவரும் இவர்தான். அன்றைக்கு மட்டும் 'செட்' என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அதனால் துண்டை உதறும்போதெல்லாம் நம்பித் தொலைக்கிறேன்.

போன வாரம் டீக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பூரி வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?"

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே புதுப் பல்செட், மேலும் கீழும்.

"செட்டு செட்டாகல தம்பி. கடிச்சா ஈறுல பிராணன் போகுது" என்றார். பல் இல்லாத வாயில் அது 'ஷெட்டு ஷெட்டாகல' என்றுதான் வந்தது.

"டாக்டரிடம் காட்டினீங்களா?"

"மூணு தடவை போயாச்சு. போகப் போக செட் ஆயிரும்னு சொல்லுதாரு." பொட்டலத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியம் மாதிரிக் கேட்டார்: "அப்படின்னா எப்பன்னு அர்த்தம் தம்பி?"