கோப்பையை நீட்டும் முன்: அமெரிக்க முதலாளிகளுக்குச் சில யோசனைகள்

அமெரிக்காவில் ஒரு கம்பெனி நடத்துகிறீர்கள். ஆட்களில் யாரோ போதையில் வேலைக்கு வருகிறார் என்று சந்தேகம். கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து நாலு வார்த்தை பேசினால் பாதி தெரிந்துவிடும். ஆனால் அது அநாகரிகம். ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, "இதில் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்பதுதான் அங்கே நாகரிகம்.

கோப்பை வாங்குமுன் ஒரு அட்லஸ் வாங்குங்கள். அதிபர் ரீகன் 1986இல் போட்ட சோதனை உத்தரவு மத்திய அரசு ஊழியர்களுக்கு. 1991இல் வந்த சட்டம் லாரி, ரயில், விமானம் என்று ஊர்தி சம்பந்தப்பட்டவர்களுக்கு. மற்ற தனியார் கம்பெனிக்காரர்களைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வெர்மான்ட் மாநிலத்தில் குலுக்கல் முறையில் ஆளைப் பிடித்துச் சோதிக்காதீர்கள். மத்திய விதி கேட்கும் வேலைகள் தவிர மற்றவற்றுக்கு அங்கே அது தடை. தகுந்த காரணம் இருந்து சோதித்து, ஆள் மாட்டிக்கொண்டாலும், சிகிச்சைக்குப் போகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் முதல் தடவை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மினசோட்டாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. அயோவாவில் வெகுகாலம் தபாலாபீஸ் எங்கே என்று விசாரித்து வைக்க வேண்டியிருந்தது. 'பாசிட்டிவ்' என்று வாயால் சொன்னால் போதாது, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்தான் தெரிவித்திருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றமே 2003இல் சொன்னது. அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பதிவுத் தபால் அனுப்பும் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி சேகரிப்பு. இதில் மத்தியப் போக்குவரத்துத் துறையின் விதிகளைப் படியுங்கள். தூக்கம் வராத இரவுக்கு அருமையான வாசிப்பு. கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்க வேண்டும், கோப்பையில் அதை மொண்டு ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. அளவு 45 மில்லிக்குக் குறையக் கூடாது. நாலு நிமிடத்துக்குள் சூடு பார்க்க வேண்டும். 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் சொந்தச் சரக்கு. வரவில்லையா? மூன்று மணி நேரம் உட்கார வைத்து, அதற்குள் 40 அவுன்ஸ், அதாவது ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் கொடுக்கலாம். இந்தக் கூச்சத்துக்கு 'வெட்கப்படும் சிறுநீர்ப்பை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆள் மாறாட்டம் செய்ய வழி இல்லையா என்று கேட்பீர்கள். சுத்தமான சிறுநீரை விற்பதைக் குற்றமாக்கித் தென் கரோலினா சட்டம் போட்டிருக்கிறது. வியாபாரமே இல்லாத பொருளுக்கு யாரும் தடை போட மாட்டார்கள்.

கசகசா அரைத்து விட்ட குருமா சாப்பிட்டுவிட்டு வருகிறவர் விஷயத்தில் பொறுமை வேண்டும். கசகசாவும் அபினும் ஒரே செடியில் பிறந்தவை. கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களெல்லாம் மார்ஃபின் கணக்கில் மாட்டியதால், 1998இல் மத்திய அரசு அபின் வகைகளுக்கான வரம்பை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தியது. அதுவரை காலைச் சிற்றுண்டியும் சந்தேகத்துக்கு உரியதாகவே இருந்தது.

கஞ்சாவில்தான் உங்கள் உண்மையான சாமர்த்தியம் தெரியும். சிறுநீரில் லேப் தேடுவது போதையை அல்ல, போதை இறங்கிய பிறகு உடம்பு விட்டுவைத்த கழிவை. அது கொழுப்பில் தங்கி, வழக்கமாகப் புகைப்பவரிடம் வாரக்கணக்கில் கசியும். கொக்கெய்ன் இரண்டு மூன்று நாளில் போய்விடும். சாராயம் மறுநாளே கைகழுவிவிடும். ஆகவே வழக்கமாகப் புகைத்து, போன வாரமே நிறுத்திவிட்டவர் அகப்படுவார். நேற்று ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு இன்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கம்பீரமாகக் கோப்பையை நீட்டுவார். அவருக்கு மாதத்தின் சிறந்த ஊழியர் விருது கொடுங்கள்.

இந்த வித்தையைச் சில மாநிலங்கள் கெடுத்துவிட்டன. கட்டடத் தொழில் போன்ற விலக்குகள் போக, வெறும் கழிவை வைத்து ஆளைத் தள்ளக் கூடாது என்று கலிஃபோர்னியா 2024 ஜனவரி முதல் சொல்கிறது. நியூயார்க்கில் கஞ்சா வாசனை மட்டும் அத்தாட்சி ஆகாது. நியூஜெர்சி 2021இல் போட்ட சட்டம் இன்னும் ரசமானது: ஆள் தடுமாறுகிறாரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். அந்த நிபுணருக்கான தகுதி விதிகள் தயாராகாததால், அதுவரை உங்கள் ஆட்களில் ஒருவரையே நியமித்துக்கொள்ளுங்கள் என்று 2022இல் வழிகாட்டினார்கள். எதிரே உட்கார வைத்து நாலு வார்த்தை பேசிப் பார்க்கும் பழைய முறைக்கு இப்போது படிவமும் பதவியும் வந்திருக்கின்றன.

'மாநிலத்தில்தான் கஞ்சா சட்டபூர்வம் ஆயிற்றே' என்று தொழிலாளி வாதாடினால் கலங்காதீர்கள். கொலராடோவில் கை கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர், தசை இழுப்புக்காக மருத்துவ அனுமதியோடு, வேலை நேரத்துக்கு வெளியே கஞ்சா பயன்படுத்தினார். தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது வேலை. சோதனையில் மாட்டினார், வேலை போயிற்று. மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், எனவே நீக்கியது செல்லும் என்று 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. இதற்கு நகைச்சுவை எழுத என் பேனா மறுக்கிறது.

சோதனையே வீண் என்றும் நான் சொல்லவில்லை. 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில் சரக்கு ரயில் எஞ்சின்கள் பயணிகள் ரயிலின் குறுக்கே வந்து 16 பேர் செத்தார்கள். எஞ்சின் ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். ரயில் ஓட்டுகிறவரிடம் கோப்பையை நீட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டைப் அடிக்கிறவரிடம் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக, உங்கள் பாதுகாப்பு. ஜார்ஜியா ஒருமுறை தேர்தலில் நிற்கும் வேட்பாளர்களே கோப்பை நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டது. 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. வேட்பாளர்களால் அப்படி ஓர் ஆபத்து இருப்பதாக மாநிலம் காட்டவில்லையாம். ஆகவே கோப்பை மேல்மாடி ஏறாது என்று நிம்மதியாக இருக்கலாம்.

யூட்டா மட்டும் கவனம். தொழிலாளியைச் சோதிக்க வேண்டுமானால் முதலாளியும் நிர்வாகத்தாரும் அவ்வப்போது தாங்களும் சோதனைக்கு வர வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நீலத் தொட்டி, நாலு நிமிடம், 40 அவுன்ஸ் தண்ணீர், எல்லாம் உங்களுக்கும் வரலாம். அங்கே கிளை திறக்கும் யோசனை இருந்தால், பக்கத்து மாநிலத்தில் நிலம் என்ன விலை என்று விசாரியுங்கள்.