கோட்டுப் பித்தர்

சென்னைப் பட்டணத்தில் ஏதேனும் ஒரு கூடத்தில், உண்ட மயக்கம் தெளியாத மூன்று மணி வேளையில், ஒரு சித்திரக் கண்காட்சி திறந்து வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு ஏற்ற வந்த பிரமுகரையும், அவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கென்றே பிறவி எடுத்த காரியதரிசியையும், தம் படத்தை விட்டு ஓர் அடி நகர அஞ்சி நிற்கும் ஓவியரையும், அந்த ஓவியரின் மாமியார் வீட்டு மனிதர்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அழைப்பும் இல்லாமல் ஆதாயமும் இல்லாமல் வந்து நிற்கிற ஜீவன் ஒன்று எஞ்சும். தோளில் ஜோல்னாப் பை. மூக்கின் நுனி வரை இறங்கிவிட்ட வட்டக் கண்ணாடி. காதுகளுக்கு மேலே மட்டும் மிச்சமிருக்கிற வெள்ளை முடிக் கற்றைகள். வலது கை நடுவிரலில், எத்தனையோ வருஷத்துச் சோப்பெல்லாம் தோற்றுப்போன இந்தியன் இங்க் கறை. இவர்தான் கார்ட்டூனிஸ்ட். பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் பேட்டைக்கு வாய்த்தவரோடு எனக்குள்ள நெடுநாளைய சிநேகத்தை உத்தேசித்து, இந்த இனத்தின் லக்ஷணங்களை எழுத எனக்கு ஓரளவு யோக்கியதை உண்டென்று நினைக்கிறேன்.

கலையுலகத்திலும் ஒரு வர்ணாசிரமம் உண்டு. எண்ணெய் வர்ணத்தால் திரைச்சீலையை நிரப்புகிறவருக்குக் கூடத்தில் ஊஞ்சல்; நீர்வர்ணக்காரருக்கு முற்றத்தில் இடம்; பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடுகிறவர் ரேழியில் நிற்கலாம்; கேலிச்சித்திரக்காரர் திண்ணையோடு சரி; காமிக்ஸ் வரைகிறவரோ தெருவில் நின்றபடியே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இந்த வாசற்படிகளில் ஒன்றும் நம்மவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் ஒரு கருங்கல் சிற்பத்தைக் கண்டால் அவர் கண்ணில் எவ்வளவு நீர் ததும்புமோ, அதே அளவு நீர், சிவகாசியிலிருந்து மலிவுக் காகிதத்தில் அச்சாகி வந்த ஒரு குதிரைவீரனைக் கண்டாலும் ததும்பும். இத்தகைய பேதமற்ற பக்தி மேலானது என்பதில் ஆக்ஷேபம் இல்லை. சங்கடம் என்னவென்றால், அந்தப் பக்தியைத் தனிமையில் அனுபவிக்க அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காது பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும்படி பகவான் சங்கல்பம் செய்துவிட்டார்.

தொழில் என்று பார்த்தால், மாமியார்–மருமகள், டாக்டர்–நோயாளி, மானேஜர்–டைப்பிஸ்ட் என்ற மூன்று ஜோடிகளையும் திருப்பித் திருப்பி மோதவிட்டு, ஒரு வாரப் பத்திரிகையில் துணுக்குப் படங்கள் போட்டு ஜீவனம் செய்தவர் அவர். பத்திரிகை ஓய்வு கொடுத்த பிறகு, கல்யாண வரவேற்புகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து, விருந்தாளிகளை ஐந்து நிமிஷத்தில் கேலிச்சித்திரமாக வரைந்து கையில் கொடுக்கும் நவீன உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மனிதனுடைய ஆத்மா மூக்கில் குடியிருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். பெண் வீட்டாரின் தாய்மாமன்மார் யாரும் இந்தச் சித்தாந்தத்தை இதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. மூக்கைக் கொஞ்சம் குறைக்கும்படி கேட்கிறவர்களிடம், "அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க சார், நான் உள்ளதைத்தான் போடுவேன்" என்று சொல்லி, பேசிய தொகையில் பாதியை இழந்து, ஆனால் தலை நிமிர்ந்து வருவார்.

மாலியின் பெயரைச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். டி. ஆர். மகாலிங்கம் என்ற அந்த மேதை ஆனந்த விகடனில் சங்கீத வித்வான்களை வரைந்த வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரானால், பஸ் வந்து போய், அடுத்த பஸ்ஸும் வந்து போய்விடும். மாலியைக் கண்டு விகடனுக்குள் வந்த கோபுலுவோ அவருக்கு இஷ்ட தெய்வம். ஒரு வார்த்தை கூட இல்லாமல், நாலைந்து கட்டங்களில் ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையே சொல்லிச் சிரிக்க வைத்த அந்தக் கை, முதுமையில் நோயால் செயலிழந்தபோது, கோபுலு இடக்கையால் வரையப் பழகினார் என்பது சித்திர உலகம் அறிந்த செய்தி. இதைக் கேட்டு நாமெல்லாம் வியந்ததோடு நின்றோம். நம் நண்பர், இரண்டு கைகளும் திடமாக இருக்கும்போதே, குரு பக்தியின் நிமித்தம் இடக்கைப் பயிற்சியைத் தொடங்கி, அந்த உத்ஸாகத்தில் ஒரு காசோலையிலும் இடக்கையாலேயே கையெழுத்திட்டார். வங்கிக்காரர்களுக்குக் குரு பக்தி போதாது. காசோலை திரும்பி வந்தது.

அவர் வீட்டுப் பீரோவில் பட்டுப் புடவைகள் இருக்க வேண்டிய தட்டில் இருப்பவை முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள். முந்தையது 1972-இலும் பிந்தையது 1984-இலும் சிவகாசியில் பிறந்தவை. பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊர் இதையும் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது என்பார். மூன்றுமே சிறுவர்கள் பெரியவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஓடுகிறவை அல்லவா? ஒவ்வொரு புத்தகமும் தனித்தனியே கண்ணாடிக் காகித உறையில் துயில்கிறது. அதை வெளியே எடுக்கும் கிரமத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். முதலில் கையை அலம்பித் துடைத்துக்கொள்வார். பிறகு உறையின் வாயை இரண்டு விரல்களால் விலக்கி, புத்தகத்தை இழுக்காமல், உறையைப் பின்வாங்கச் செய்வார். அதன்பின் நடுப்பக்கத்துப் பின்னில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் முகர்ந்து பார்ப்பார். இவ்வளவும் ஆன பிறகு, நமக்குத் தொடக்கூடக் கொடுக்காமல் மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

முத்து காமிக்ஸின் முதல் இதழான இரும்புக்கை மாயாவியைப் பற்றி அவருக்கு ஒரு தனிப் பிரசங்கமே உண்டு. இங்கிலாந்துப் பத்திரிகைக்காக ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் வரைந்த சிருஷ்டி அது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக இரும்புக் கை பூண்ட கதாநாயகன், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பால்யத்தில் இந்த சாஸ்திரத்தைப் பரிசோதிக்க விரும்பி நம் நண்பர் பிளக் பாயிண்டில் ஹேர்ப்பின்னைச் செருகினாராம். உடம்பு மறையவில்லை, தெருவிளக்கு உட்பட வீதி முழுவதும் மறைந்தது. இன்னொரு காமிக்ஸ் நாயகனான டெக்ஸ் வில்லரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார், 'இரவுக் கழுகார்' என்பார், சொந்தச் சித்தப்பாவைப் போல. ஞாபகசக்தியை இழந்த ஒருவன் தான் யார் என்று தேடி அலையும் 'இரத்தப் படலம்' என்ற நெடுங்கதையில் அவர் மூழ்கியிருந்த காலத்தில், அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: "நீங்களே சொல்லுங்கண்ணே, அந்த ஆளு தான் யாருன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள இவரு நான் யாருன்னு மறந்துடுவாரு போலிருக்கு."

அசைபடம் என்ற பித்து இவற்றுக்கெல்லாம் மேலானது. திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படம் பிடித்தால் 12 சித்திரங்களில் சமாளிக்கலாம். இந்தக் கணக்கு மனத்தில் ஏறியதிலிருந்து அவருக்கு உலகமே பன்னிரண்டு பன்னிரண்டாகத் தெரியத் தொடங்கிவிட்டது. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால், ஓர் ஆவர்த்தனத்துக்கு 96 சித்திரங்கள். ஒரு மிருதங்க வித்வானின் ஓர் ஆவர்த்தனத்தை அசைபடமாக்கிவிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டார். காகிதத்துக்கு அவர் எங்கே போனார் என்பதை, நான் இரவல் கொடுத்திருந்த கம்பராமாயண யுத்த காண்டம் திரும்பி வந்தபோது தெரிந்துகொண்டேன். ஏட்டுக்கு ஒன்றாக, வலது மூலையில், கட்டைவிரல் நகத்தளவில் ஒரு வித்வான். மூலையைப் பிடித்து விர்ரென்று புரட்டினால், கை எழும்பி விழுகிறது, தலை ஆடுகிறது, நாகபாசப் படலத்துக்கு அருகில் குடுமி அவிழ்கிறது, ஆவர்த்தனம் முடிந்ததும், அதற்குமேல் வரைந்த சில ஏடுகளில், வித்வான் சாவகாசமாகப் பொடி போட்டுக்கொள்கிறார். நான் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் காண்டத்தை அதற்கு முன் நான் அவ்வளவு ஆர்வத்தோடு புரட்டியதில்லை.

டாம் என்ற பூனை லிஸ்ட் என்ற மேதையின் ராப்சடியைப் பியானோவில் வாசிக்க, உள்ளே குடியிருக்கும் எலி அதைக் குட்டிச்சுவராக்கும் 1947-ஆம் வருஷத்துச் சிறு படத்தை அவர் எத்தனை முறை பார்த்திருப்பாரோ, ஈசுவரனுக்கே வெளிச்சம். "பக்கவாத்தியம் இவ்வளவு தொந்தரவு கொடுத்தும் கச்சேரியைப் பாதியிலே நிறுத்தாம முடிச்சுக் கொடுத்த வித்வான் சார் அது!" என்று அந்தப் பூனைக்கு விருது சிபாரிசு செய்வார்.

மார்கழி பிறந்தால், சபாக்களின் குளிர்சாதனத்துக்குப் பயந்து, வேஷ்டியின் மேலே கட்டம் போட்ட பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். மியூசிக் அகாடமியில் மற்றவர்கள் காதால் கேட்பதை அவர் கண்ணால் கேட்கிறார். ராகத்தின் பெயர் அவருக்கு முக்கியமில்லை. தார ஸ்தாயி பஞ்சமத்தைப் பிடிக்கும்போது பாடகரின் இடது புருவம் எந்த மட்டுக்கு ஏறுகிறது என்பதே முக்கியம். ஊரெல்லாம் போண்டா தின்னக் காண்டீனுக்கு எழுந்து போகும் தனி ஆவர்த்தன நேரத்தில் இவர் மட்டும் முன் வரிசைக்கு நகர்வார். வாசிப்பவர்களின் கைகளைப் பார்க்க அதுவே தக்க தருணம். தாளவாத்தியக்காரர்கள் இவரைத் தங்களுடைய பரம ரசிகர் என்று கருதி இவருக்காகவே இன்னொரு கோர்வை வைப்பார்கள். இவரோ அதற்குள் மோர்சிங்க்காரரின் மோவாய்க்கு நிழல் தீட்டிக்கொண்டிருப்பார்.

ஊர் விசேஷங்களின் ஜாபிதாவை முழுவதும் எழுத இடம் போதாது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி அவருக்குக் கோயில். கண்ணகி நகர்ச் சுவர்களில் மாடி உயரத்துக்கு எழுதப்பட்ட முகங்களைக் கழுத்து சுளுக்கும்வரை பார்த்திருக்கிறார். எழும்பூர்க் கலைக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம், 1850-இல் அதைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் ஒரு வைத்தியர் என்பதை நினைவூட்டி, "வைத்தியரே ஆரம்பிச்சும் எங்க வியாதி தீரலை பாருங்க" என்பார். அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் மாணவர்களும் பாடிக் துணி செய்து விற்ற பணத்தில் மனை வாங்கி 1966-இல் சோழமண்டலத்தை உண்டாக்கிய கதையை, தம் மனைவி மனை வாங்கும் பேச்சை எடுக்கும் சமயம் பார்த்துச் சொல்வார்.

ஆனால் அவர் உண்மையாகவே நிலைகொள்ளாமல் தவிப்பது, பொங்கலை ஒட்டி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியில்தான். தெருவைக் கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் காமிக்ஸ் பக்கம் ஒன்று தரையில் விரிந்துவிடும். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலத்தை, ரப்பரும் பென்சிலும் இல்லாமல், ஒரு மூதாட்டி இடுப்பை மடித்துக் குனிந்தபடி அரிசி மாவால் இழுக்கும்போது, நம் நண்பர் தம் நடுவிரல் கறையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். பரவச மிகுதியில் ஒரு சமயம் பின்னால் நகர்ந்து பக்கத்துக் கட்டத்து மயிலின் தோகையில் கால் வைத்தார். மயிலுக்கு உரிய மாது பேசிய பேச்சை எந்தப் பலூனிலும் அடைக்க இயலாது.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் 'காமிக் கான்' வந்தபோது அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குளிர்சாதனம் உண்டென்று கேள்விப்பட்டு, வேஷ்டியும் மார்கழிக் கோட்டுமாகவே வந்திருந்தார். உள்ளே யுவர்களும் யுவதிகளும் கதாபாத்திர வேஷம் பூண்டு, வாளும் சிறகுமாகத் திரிந்தார்கள். இந்தப் பாலர்களுக்கு மாலியைப் பற்றி உபதேசிக்கலாம் என்று அவர் தொண்டையைக் கனைத்த தருணத்தில், நீலத் தலைமுடி தரித்த ஒரு பெண் ஓடிவந்து, "அங்கிள், நீங்க ஆர். கே. லக்ஷ்மணோட காமன் மேன்தானே? சூப்பர் காஸ்ட்யூம்!" என்று கூவினாள். வட்டக் கண்ணாடி, காதோர நரை, கட்டம் போட்ட கோட்டு, வேஷ்டி; அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. நண்பர் திறந்த வாயை மூடிக்கொண்டார். 1951 முதல் அத்தனை கேலிச்சித்திரங்களிலும் நின்று எல்லாவற்றையும் பார்த்த லக்ஷ்மணின் சாமானிய மனிதன் ஒரு வார்த்தையும் பேசியவன் அல்லன்; வேஷத்தின் மரியாதையைக் கெடுக்கலாமா?

அன்று அவர் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கைகளைப் பின்னால் கட்டி, புருவத்தை உயர்த்தி, திகைத்தாற்போல் நின்றார். மனைவியிடமிருந்து கைபேசி அழைப்பு வந்தது. அதையும் என்னிடம் நீட்டிவிட்டார். என் காதுகளுக்கு அத்தகைய விச்ராந்தி அந்தச் சிநேகத்தில் அதற்குமுன் கிடைத்ததில்லை. இந்த விழா வருஷம் முழுவதும் நடக்கலாகாதா என்றுகூட எண்ணினேன். திரும்பும் வழியில், ஓர் இளைஞர் தாமே வரைந்த படங்களை விரித்து விற்றுக்கொண்டிருந்த மேஜை குறுக்கிட்டது. நடுவில், மின்பொறி பறக்க, அந்தரத்தில் ஓர் இரும்புக் கை. நண்பர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரல் இருக்கும் திசையைப் பார்த்தார். தம் வலது கையை நீட்டி ஒப்பிட்டார். பிறகு இடது கையை நீட்டி ஒப்பிட்டார். அவர் முகம் சிவப்பதைக் கண்டு நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன், பயனில்லை.

"தம்பி, அது வலது கை!" என்று, அத்தனை வருஷங்களாக வாய் திறவாதிருந்த சாமானிய மனிதன் வாய் திறந்தான். வர்த்தக மையத்தின் காவலர்கள் விளக்குகளை அணைக்கும்வரை அவன் அதை மூடவில்லை.