பென்சில்வேனியா வட்டச் செயலாளர்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: 'இங்கு அரசியல் பேசக் கூடாது'. ஏதோ ஒரு தேர்தல் சமயம், பவுடர் டப்பாவும் பக்கவாட்டுக் கண்ணாடியும் உடைந்த மறுநாள் வந்த பலகை. அதற்கு நேர் கீழே உள்ள பெஞ்சில்தான் நம்மவர் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார். கடைக்காரர் தடுப்பதில்லை, ஏனென்றால் அவர் பேசுவது அமெரிக்க அரசியல். "அதுக்கு யாரும் சேரைத் தூக்க மாட்டாங்க சார்" என்பது கடைக்காரரின் சட்ட விளக்கம். 'பென்சில்வேனியா வட்டச் செயலாளர்' என்று பட்டம் சூட்டியவரும் அவரே.

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பட்டாபிராம் வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும் இந்த ரகத்தார் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்கள். அடையாளம் சுலபம். வேட்டிக்குக் கீழே மகள் வாங்கித் தந்த வெள்ளை ஷூ. "அங்க இப்ப ராத்திரி ஒம்பதரை" என்று கேட்காமலே சொல்வார்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும்போது நமக்கும் தகவல் வரும், நாமும் உடனே எழுந்துபோய்த் தள்ளி வைக்க வேண்டும் என்கிற தோரணையில்.

நம்மவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்து 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவோடு அவருக்குப் பழைய பகை உண்டு. 1965 போரில் பாகிஸ்தான் ஓட்டிவந்தது அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கி. அப்போது நம்மவர் மூன்றாம் வகுப்பு. ஆனாலும் எல்லையில் நின்று தானே எண்ணிப் பார்த்ததுபோல் சொல்வார். மகள் கல்யாணமாகி டெக்சாஸ் போனதும் பகை கொஞ்சம் இளகியது. பேரன் அங்கேயே பிறந்ததும் அமெரிக்கா சம்பந்தி வீடு ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டைக் குறை சொல்லலாம், ஆனால் நாம்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்லக் கூடாது.

2024 நவம்பர் 6, புதன்கிழமை. கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். "மொத்தம் 538. 270 எடுத்தவன் ராஜா. ஆனா கணக்கு நம்ம கணக்கு இல்ல தம்பி. தமிழ்நாடு பூரா எண்ணி, ஒரே ஒரு ஓட்டு கூட வாங்கினவனுக்கு 39 எம்.பி.யையும் தூக்கிக் குடுத்தா எப்படி? அதுதான் அங்க. பென்சில்வேனியாவுல 19 இருக்கு. 2000-த்துல புஷ் ஃப்ளோரிடாவுல எத்தனையில ஜெயிச்சாரு தெரியுமா? 537! நம்ம தெருவுல பாதியை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருந்தா அல் கோர் ஜனாதிபதி."

மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், கமலா ஹாரிஸின் தாத்தா ஊரில், தர்ம சாஸ்தாவுக்கு அபிஷேகம் நடந்ததை ஒருவர் நினைவூட்டினார். நம்மவர் உதட்டைப் பிதுக்கினார். "சாஸ்தா காவல் ஊர் எல்லை வரைக்கும்தான் பா." சாயங்காலம் நாலு மணி வாக்கில் டிரம்ப் ஜெயித்த செய்தி வந்தது. நம்மவர் முகத்தில் பூத் ஏஜென்ட் களை.

அமெரிக்க அரசமைப்பை அவர் கற்றது திருமுல்லைவாயிலில் தாம் குடியிருக்கும் அடுக்ககச் சங்கத்தில்தான் என்று நினைக்கிறேன். செனட் என்றால் என்ன? "ஒத்த பெட்ரூம்காரனுக்கும் ஒரு ஓட்டு, மூணு பெட்ரூம்காரனுக்கும் ஒரு ஓட்டு. கலிஃபோர்னியாவுல நாலு கோடிக்குக் கொஞ்சம் குறைச்சலா ஜனம், வயோமிங்குல ஆறு லட்சம்கூட இல்ல. ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு செனட்டர்." 2025 அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் அங்கே அரசாங்கம் முடங்கிக் கிடந்ததே, அது? "செகரட்டரிக்கும் ட்ரெஷரருக்கும் தகராறு. செக்குல ரெண்டு கையெழுத்து வேணும், ஒண்ணு விழல. லிஃப்ட் நின்னுச்சு, வாட்ச்மேனுக்குச் சம்பளம் இல்ல. நம்ம நாட்டுல பட்ஜெட் தோத்தா கவர்மென்ட்டே போயிடும். அங்க கவர்மென்ட் அப்படியே இருக்கும், சம்பளம் மட்டும் போயிடும்." நானும் ஆங்கிலப் பத்திரிகைகளில் நீளநீளமாகப் படித்துப் பார்த்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

ஒரே ஒரு தடவை கடைக்காரர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். 2025 ஆகஸ்ட் கடைசி. நம் சரக்குக்கு அமெரிக்கா போட்டிருந்த 25 சதவீதத்தின் மேல் இன்னொரு 25 ஏறி, வரி 50 ஆன வாரம். நாற்காலியில் இருந்தவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை யூனிட்டின் சூப்பர்வைசர். "இதெல்லாம் பேரம் பா. முதல்ல அம்பதும்பான், அப்புறம் இறங்குவான். ரங்கநாதன் தெருவுல பாத்ததில்லையா?" என்றார் நம்மவர். சூப்பர்வைசர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார். "எங்க லைன்ல நாப்பது பொம்பளைங்க சார். ஓவர்டைம் நிறுத்தியாச்சு. உங்களுக்குப் பேரம்." கத்தியை மடக்கிய கடைக்காரர், அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நம்மவர் பேப்பரை விரித்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் 21-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மகாளய அமாவாசை, யாரும் தலையில் கத்தரி வைக்காத நாள். கடைக்காரர் சீப்புகளை டெட்டாலில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓசிப் பேப்பருக்குப் போயிருந்தேன். எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்பது தலைப்புச் செய்தி. நம்மவரின் மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்தவர், உடனே திரும்பச் சொல்லி கம்பெனி அனுப்பிய தகவலைப் பார்த்துவிட்டு, மூன்று மடங்கு விலைக்கு டிக்கெட் வாங்கி, மனைவி பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டு, ராத்திரியே மீனம்பாக்கம் ஓடியிருக்கிறார். தோஹாவில் இறங்கும்போது, கட்டணம் புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்று வெள்ளை மாளிகை விளக்கம் சொல்லிவிட்டதாம். எல்லாம் கடைக்காரர் ரகசியக் குரலில் எனக்குச் சொன்னது.

சொல்லி முடிப்பதற்குள் நம்மவரே வந்தார். காலில் வெள்ளை ஷூ இல்லை, ரப்பர் செருப்பு. பெஞ்சில் உட்கார்ந்தார். மணி என்ன என்று சொல்லவில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன சார், உங்க ஆளு ஒரேடியா ஒரு லட்சம் டாலர்ங்கறாரு?"

நம்மவர் முகவாயைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலே காட்டினார்.

"போர்டு எதுக்குப் பா மாட்டி வெச்சிருக்க?"