மேனேஜர் ஆகலாமா?

கே: பல வருடங்களாக கோடு எழுதுகிறேன். 'இன்னும் மேனேஜர் ஆகலையா?' என்று ஊரில் கேட்கிறார்கள். ஆகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், ஆலன், டெக்ஸாஸ்

ப: கட்டாயமில்லை. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஸ்டாஃப் என்ஜினியர், பிரின்சிபல் என்ஜினியர் என்று கோடு எழுதியபடியே மேலே போகத் தனி ஏணி உண்டு. மேனேஜர் ஆனால் ஒரு சிக்கல்: கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும், மனிதர்கள் 'செய்கிறேன்' என்று சொல்வார்கள்.

கே: ப்ராஜெக்ட் மேனேஜருக்கு அப்படி என்னதான் வேலை?

ப: உங்கள் ஊர் ஈகிள் ஸ்டேடியத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபுட்பால் ஆட 6 கோடி டாலரில், 18,000 இருக்கைகளோடு 2012-ல் திறந்தார்கள். 2014-ல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள். ரிப்பேர் முடிந்து 2015-ல்தான் மறுபடி ஆட்டம். ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே விரிசலைத் தேடுகிறவர்தான் நல்ல மேனேஜர். சாஃப்ட்வேரில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு போனில்தான் தெரியும்.

கே: அதற்கு என்ன படிக்கலாம்?

ப: பக்கத்து ரிச்சர்ட்சனில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில், ஐ.டி. மேனேஜ்மென்ட்டுக்கே முதுகலைப் படிப்பு இருக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வும் எழுதலாம், 180 கேள்விகள். ஆனால், பட்டத்தோடு மூன்று வருடம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவமும் கேட்பார்கள். முதல் பட்டம் எதுவாகவும் இருக்கலாம்: சுந்தர் பிச்சை ஐ.ஐ.டி.யில் படித்தது உலோகவியல், 2004-ல் கூகுளில் சேர்ந்தது ப்ராடக்ட் மேனேஜராக, 2015-ல் சி.இ.ஓ. படிப்பு கதவைத் திறக்கும். உள்ளே போனபின், டீமின் தவறுக்கு நான் காரணம், வெற்றிக்கு டீம் காரணம் என்று சொல்லத் தெரிந்தால் மேனேஜர் ஆகுங்கள். தலைகீழாகச் சொல்வதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.