ராசா விட்ட படகு

எங்கள் தாயில்பட்டியில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசினால், வெயிலில் மூளை காய்ந்துவிட்டது என்பார்கள். பக்கத்திலேயே வைப்பாறு இருக்கிறது. ஆறு என்பது அதற்குப் பட்டப்பெயர். வருஷத்தில் பாதி நாள் அதில் ஓடுவது ஆடும் டூவீலரும்தான். அதன் கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியபோது சங்கு வளையல்கள் அள்ள அள்ள வந்தன. கரிசல் காட்டில் கடல் சங்கு! உடனே டீக்கடை ஆய்வாளர்கள் வைப்பாற்றில் பாய்மரக் கப்பலை ஏற்றிவிட்டார்கள். வண்டி இழுத்திருக்கக்கூடிய மாட்டுக்கு ஒருத்தரும் ஒரு சலாம் போடவில்லை.

ஆகவே, தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் நாங்கள் வேன் பிடித்து ராஜபாளையம், செங்கோட்டை வழியாக ஆலப்புழைக்குப் போய்ப் படகு பார்த்தோம். அங்கே இருந்தது ஒரு காலத்தில் செம்பகச்சேரி என்ற குட்டி ராஜ்ஜியம். தலைநகர் அம்பலப்புழை.

இந்த வம்சத்தின் வீரத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். ராசாவுக்குச் சதுரங்கப் பைத்தியம். முனிவர் வேஷத்தில் கிருஷ்ணன் வந்து, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நாலு என்று பந்தயம் கட்டி ஜெயித்தானாம். அறுபத்து நாலு கட்டத்துக்கும் கூட்டினால் 18-க்குப் பின்னால் 18 சைபர் போட்டாலும் மிச்சம் நிற்கிறது. கஜானா காலி. கடனைப் பாயசமாகக் கொடுத்துக் கழித்துக்கொள் என்றானாம் சாமி. அம்பலப்புழைக் கோவிலில் இன்றும் தினமும் பால் பாயசம் உண்டு. உலகத்திலேயே வட்டிக்குப் பதில் பாயசம் வாங்கும் ஒரே கடன்காரர் அவர்தான்.

அரிசிக் கணக்கில் ஏமாந்த அந்த வம்சம் படகுக் கணக்கில் ஏமாறவில்லை. பக்கத்து ராஜ்ஜியமான காயங்குளத்தோடு ஓயாத சண்டை. சண்டையும் தரையில் இல்லை, தண்ணீரில். நூறு ஆள் ஏறணும், பாம்பு மாதிரிப் பாயணும், அப்படி ஒரு படகு வேண்டும் என்று ஆசாரிகளைக் கூப்பிட்டார் ராசா. கொடுப்புன்ன வெங்கிட நாராயணன் ஆசாரி ஆஞ்சிலி மரத்தில் செய்து கொடுத்ததுதான் முதல் சுண்டன் வள்ளம் என்பது அந்த ஊர்க் கதை. நூறடிக்கு மேல் நீளம். வால் பக்கம் படமெடுத்த மாதிரி உயரம். துடுப்புப் போட எண்பது தொண்ணூறு பேர், பின்னால் சுக்கான் பிடிக்க நாலைந்து பேர், அதுபோக நடுவில் நின்று பாட இருபது இருபத்தைந்து பேர். சண்டைக்குப் போகிற வண்டியில் கால்வாசி சீட்டைப் பாட்டுக்காரனுக்குக் கொடுத்த ராசாவை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

தொழில் ரகசியத்தைத் திருட காயங்குளத்து ராசா ஒரு வாலிபனை அனுப்பினானாம். அவன் ஆசாரி மகளைக் காதலித்து, மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். காயங்குளத்திலும் படகு செய்தார்கள். அடுத்த சண்டையிலும் தோற்றார்கள்! ஆசாரி கை வேறு, மாப்பிள்ளை கை வேறு. இந்த விஷயத்தில் எங்கள் சிவகாசிக்காரர்கள் உஷார். 1922 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். யார் மகளையும் காதலிக்கவில்லை. தொழில் நிலைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மர் வந்து செம்பகச்சேரி, காயங்குளம் இரண்டையும் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டார். சண்டை முடிந்தது, படகு மிஞ்சியது. நூறு பேர் தள்ளும் படகை வைத்து வேறு என்னதான் செய்வது? திருவிழாவுக்கு விட்டார்கள். 1952-இல் நேரு வந்தார். அவருக்காகப் பந்தயம் விட்டார்கள், நடுபாகம் சுண்டன் ஜெயித்தது. பிரதமர் பாதுகாப்பையெல்லாம் மறந்து அதற்குள் தாவிக் குதித்துவிட்டார். டில்லிக்குப் போய், வெள்ளியில் ஒரு குட்டி வள்ளம் செய்து கையெழுத்தோடு அனுப்பினார். காயங்குளத்தான் ஆள் அனுப்பியும் வாங்க முடியாத படகு டில்லிக்காரருக்குச் சும்மா கிடைத்தது.

சுண்டனைப் பராமரிப்பது மாமியாரைப் பராமரிப்பது மாதிரி. பந்தயத்துக்கு முன்னால் அடிப்பக்கம் முழுக்க மீன் எண்ணெய், தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை எல்லாம் குழைத்துப் பூசுவார்கள். தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகுமாம். எங்கள் ஊரில் கரியோடு வெடியுப்பும் கந்தகமும் சேர்ப்போம், அங்கே முட்டை. எங்கள் கலவையும் ஒரு காலத்தில் கோட்டையை உடைத்த மருந்துதான். திப்பு சுல்தான் ஆங்கிலேயர் மேல் விட்ட ராக்கெட் இப்போது காலி பாட்டிலில் நின்று பிள்ளைகள் கைக்குக் காத்திருக்கிறது. ராசாக்களின் ஆயுதத்துக்கு வயசானால் கிடைக்கிற உத்தியோகம் இதுதான்.

தாயில்பட்டி என்றதும் தாய்லாந்தா என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கேயும் இதே கூத்துதான். சண்டைக்குக் கட்டிய படகுகள் அரச ஊர்வலத்துக்கு வந்தன. 1911-இல் கட்டிய சுபன்னஹோங் படகின் முகப்பு தங்க முலாம் பூசிய அன்னப்பறவை. இரண்டாம் உலகப் போரில் படகுக் கொட்டகைமேல் குண்டு விழுந்தது. ராசா பூமிபோல் காலத்தில் செப்பனிட்டு, 1950-களின் கடைசியில் ஊர்வலத்தை மறுபடி விட்டார்கள். பாங்காக்கில் டிக்கெட் வாங்கினால் அன்னத்தைப் பார்க்கலாம். ஏறி உட்கார மட்டும் ராசாவாகப் பிறக்க வேண்டும்.

நாங்கள் ஏறிய படகுக்கு அந்தக் கவுரவம் எல்லாம் கிடையாது. வேன் கூட்டத்தில் மூத்தவரான அண்ணாச்சி படகுத் தம்பியிடம், “ராசா வள்ளம் இதானா?” என்று கேட்டார். “இல்ல அண்ணாச்சி, இது நெல்லு மூட்டை ஏத்துன கெட்டுவள்ளம்” என்றான். மதினி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “கெட்டுப்போன வள்ளத்துலயா ஏத்துறீங்க?” மலையாளத்தில் கெட்டு என்றால் நம் கட்டு என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆணி அடிக்காமல் பலகையோடு பலகையைக் கயிற்றால் கட்டித் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சிப் பூசின படகு. முப்பது டன் வரை நெல் ஏற்றும். லாரி வந்ததும் வேலை போனது. 1990-களின் தொடக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதில் கட்டிலும் கக்கூசும் வைத்து, வெள்ளைக்காரரை ஏற்றினார். மூட்டை இருந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். எடையிலும் பெரிய வித்தியாசமில்லை.

ஆலப்புழைக் கடற்கரையில் இன்னொரு ஓய்வூதியக்காரர் நிற்கிறார். கடற்படைப் படகு டி-81. 1999-இல் சேர்ந்து, 2021 ஜனவரியில் ஓய்வு. கடலில் 45 நாட் வேகம், அதாவது மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். அதே வருஷம் அதை ட்ரெய்லரில் ஏற்றி, ரோடு வழியாக ஊர்வலம் விட்டுக் கடற்கரையில் கொண்டுவந்து வைத்தார்கள். ரோட்டில் அது போன வேகத்துக்கு எங்கள் ஊர் மாட்டு வண்டி ஹாரன் அடித்து ஓவர்டேக் பண்ணியிருக்கும். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2010-இல் ஓய்வு பெற்ற வாக்லி நீர்மூழ்கிக் கப்பலை மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைப்பதாகச் சொன்னார்கள். மாமல்லபுரம் அப்படியேதான் இருக்கிறது.

படகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பல படகுகளில் ஏசி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், பகலில் கேட்டால் காயல் காத்தைக் காட்டுவார்கள். இன்னொன்று, ஊர்ப் பெருமைக்காகப் பையில் நம் சரக்கு எதையும் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலே கூரை முழுக்க மூங்கிலும் பாயும்.