கீழ்க்கட்டளைக் குக்கரும் மேற்கட்டளைகளும்: ஓர் ஆய்வு

1. சொல்லும் பொருளும்

கட்டளை என்பதற்கு ஆணை என்றும், கோயிலுக்கு எழுதிவைத்த அறம் என்றும் இருபொருள் உண்டு. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய கீழ்க்கட்டளை இவற்றுள் எதனால் பெயர்பெற்றது என்ற வழக்கில் இவ்வாய்வாளர் தலையிடார். அவ்வூரில் ஓர் அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் வாங்குவதற்காக, முதற்பரிசாகக் குக்கரை வைத்து 20 ரூபாய்க்கு விற்ற சீட்டே ஆய்வுப்பொருள். சீட்டு எண் 147 ஆய்வாளர் கைவசம் உள்ளது. குக்கர் இல்லை.

2. தொன்மை

குலுக்கல் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஊர்ச்சபைக்கு ஆளெடுக்கக் குடத்தில் ஓலையிட்ட முறையை விவரிக்கின்றன. ஓலையை எடுப்பவன் உள்விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். கீழ்க்கட்டளையில் குடத்துக்குப் பதில் பெயிண்ட் வாளி. எடுத்தவன் சிறுவனே, பொருளாளரின் பேரன். விரல்களைப் பற்றிச் சான்று கிடைக்கவில்லை.

3. மேற்கட்டளைகள்

அரசு நடத்தாத, அரசின் அனுமதியும் பெறாத லாட்டரிக்கு அலுவலகம் வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 297. 1870இல் பிறந்த இ.பி.கோ. 294-ஏ பிரிவின் மறுபிறவி இது. அப்படிப்பட்ட குலுக்கலுக்குப் பரிசு அறிவித்தாலே 5,000 ரூபாய் வரை அபராதம்.

‘ஆபீஸ் ஏது? என் வீட்டுப் போர்ட்டிகோதானே’ எனின், அற்றன்று. ‘இடம்’ என்றும் பிரிவு சொல்வதால் போர்ட்டிகோ அடங்கும். ‘தர்ம காரியமாயிற்றே’ எனின், அப்பிரிவில் தர்மத்துக்குத் தனிச்சலுகை இல்லை. பரிசுச்சீட்டுகளைத் தடைசெய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறநிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மாநில அரசு ரிசர்வ் வங்கியைக் கலந்து அறிவிக்கை வெளியிட்டிருக்கவேண்டும். மூன்று லிட்டர் குக்கருக்காக ரிசர்வ் வங்கியைக் கலந்தோர் எவரும் ஆய்வில் அகப்படவில்லை.

1968இல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச்சீட்டு விற்றது; 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரிக்குத் தடை வந்தது. பிரிட்டனிலோ, சிறு சங்கம் உள்ளாட்சியில் பதிந்துகொண்டு, வசூலில் 20 விழுக்காட்டையாவது நற்பணிக்குக் கொடுத்தால் சீட்டு விற்கலாம்.

4. மறுப்பும் முடிபும்

பொருளாளர் மறுக்கிறார்: “சார், அது டிக்கெட் இல்ல, நன்கொடை. குக்கர் நம்ம அன்பளிப்பு.” காசு வாங்காத குலுக்கல் லாட்டரி ஆகாது என்பது மெய்யே. ஆகவே, தராதவருக்கும் சீட்டு உண்டா என்று சோதித்தல் வேண்டும். சோதித்தேன். “ஓசிலயா?” என்றார். எனவே அது விலையே என்க.

‘அடுத்த ஆண்டு குக்கர் வேண்டாம், வெறும் நன்கொடை கேளுங்கள், சட்டச் சிக்கலே இல்லை’ என்று ஆலோசனை கூறினேன்.

“நல்ல யோசனை சார். முதல் பேரா உங்க பேரையே எழுதிக்கட்டுமா?” என்று ரசீது புத்தகத்தைத் திறந்தார்.

இப்பகுதி மேலாய்வுக்கு உரியது.