ஆரணியின் சக்கரக்காரர்

ஆரணியில் சக்கரக்காரரைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியதில்லை. பட்டுச் சேலை வியாபாரத்தில் இருந்தபடியே ஐம்பது வயதைத் தொட்டவர். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அவரைத் தொட்டவை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கப் போன இடத்தில் யாரோ யோகா வகுப்புக்கு வழி காட்டினார்கள், சில மாதத்தில் ஒரு சான்றிதழ் சட்டம் போட்டுக்கொண்டு கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, அவர்கள் உடம்பிலுள்ள யோகச் சக்கரங்களின் அடைப்புகள்தான் தெரிகின்றன. இருமுகிறவருக்குத் தொண்டைச் சக்கரமான விசுத்தியில் அடைப்பு. கடன் வாங்கியவருக்கு மூலாதாரத்தில், கொடுத்துவிட்டுத் தூங்காதவருக்கு மணிபூரகத்தில். மருமகள் எதிர்த்துப் பேசினால் விசுத்தி தேவைக்கு மேல் திறந்துகொண்டதாம். ஆள் கெட்டவரில்லை. நெய்த சேலையோடு வரும் நெசவாளிக்கு டீ சொல்லுவார், கூடவே சர்க்கரை போடாதே என்றும் சொல்லுவார். “இடுப்பு விட்டுப்போவுது மொதலாளி” என்று அவர் முனகினால், “மூலாதாரத்துல பயம் உக்காந்துகினு இருக்குப்பா, ராத்திரி செவப்பு கலர நெனச்சிகினு படு” என்று மருந்து எழுதாமலே வைத்தியம் முடியும். கூலியைக் கொஞ்சம் ஏற்றித் தரக் கேட்டால் நோய் மணிபூரகத்துக்கு இடம் மாறிவிடும். அங்கே அதற்குப் பெயர் ஆசை.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இவர்மேல் சொல்ல வேண்டிய குற்றம் ஒன்றுதான்: வலியின் விலாசத்தை மாற்றி எழுதுகிறார். குழித்தறியில் உட்காருகிறவர் பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மாறி மாறி அழுத்துகிறார். ஒரு கை நாடாவுக்கான கயிற்றைச் சுண்டுகிறது, மறுகை அச்சை இழுத்து அடிக்கிறது. ஜரிகை சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தலை முன்னால் கவிழ்ந்தே கிடக்கிறது. இழை அறுந்தால் மங்கலான வெளிச்சத்தில் முனை தேடி முடிச்சுப் போட வேண்டும். சேலைக் கணக்கில் கூலி என்பதால் எழுந்து நடக்கிற பத்து நிமிடமும் நஷ்டக் கணக்கில்தான் சேரும். இந்த இடுப்பு வலி எங்கே பிறந்தது என்று சொல்ல ஞானக்கண் வேண்டாம், சாதாரணக் கண்ணே போதும். வலி தறிக்குழியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் பலகையை உயர்த்த வேண்டும், விளக்கு மாட்ட வேண்டும், கூலியைப் பற்றியும் பேச வேண்டும். வலி மூலாதாரத்தில் இருந்தால் முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை.

“அப்படியானால் யோகாவே பொய்யா?” என்று அவர் கேட்பார். யார் சொன்னது? நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்தது. 2022இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் சிறிதுதான் என்று அடக்கமாகச் சொன்னது. அந்தச் சிறிய பலன்கூட உடம்பை நீட்டி மடக்குவதாலும் மூச்சைக் கவனிப்பதாலும் வருவது. அதற்கு எந்தச் சக்கரமும் சுழன்றாக வேண்டும் என்று அந்தச் சோதனைகள் கேட்கவில்லை. சென்னையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபு, அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய யோக மந்திரம் என்ற பள்ளி வழியாக வலியுறுத்தியதும் ஆளுக்கேற்ற பயிற்சியைத்தான்: வயது என்ன, தொழில் என்ன, உடம்பு எப்படி. நம்மவர் தொழிலைக் கேட்கத் தேவையேயில்லை. நெசவாளி கையில் இருப்பதே அவர் கொடுத்த பாவுதான். தெரிந்தும் கேட்காமல் விடுவதுதான் வேடிக்கை.

அடுத்து மரபைத் துணைக்கு அழைப்பார். மரபுக்கே போவோம். அவர் கடையில் தொங்கும் அட்டையில் ஏழு சக்கரமும் வானவில் வரிசையில் இருக்கின்றன. வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய நூலில் சக்கரம் ஆறு; உச்சித் தாமரை அதற்கு மேற்பட்டது. நம் சித்தர் மரபும் ஆறாதாரம் என்றே சொல்லும். பூர்ணானந்தர் நூலில் மணிபூரகம் மழைமேக நிறம், அனாகதம் சிவப்பு, ஆக்கினை நிலவு வெண்மை. ஆங்கிலேயர் உட்ரஃப் 1919இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், அடையாற்றுப் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் 1927இல் தான் கண்ட சக்கரங்களை வண்ணப்படமாகவே போட்டார். ஒழுங்கான வானவில் வரிசை நிலைத்ததோ அமெரிக்காவில், 1970களில். சாயப்பட்டறைக்காரரிடம் இந்த அட்டையைக் காட்டினால் எந்த ஈட்டில் போட்ட சாயம் என்று முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். ஆனால் அட்டைக்கு ஒரு வியாபாரப் பயன் உண்டு. ஓடாமல் கிடக்கும் பச்சைச் சேலை அனாகதத்துக்கு நல்லது என்று சொல்லித் தள்ளிவிடலாம். பூர்ணானந்தரை நம்பினால் அந்தச் சரக்கு அலமாரியிலேயே இருக்க வேண்டியதுதான்.

கடைசி அம்பு கொஞ்சம் கூர்மையானது. “வேதாத்திரி மகரிஷியும் தறிக்காரர்தானே, அவரே குண்டலினி கற்றுக்கொடுத்தாரே!” உண்மைதான். கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் வீட்டில் பிறந்து, தறியில் உட்கார்ந்து, பின்னால் ஜவுளித் தொழிலும் நடத்தியவர். அவருடைய தவத்தில் ஆக்கினையும் உண்டு, துரியமும் உண்டு. ஆனால் அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி எதில் தொடங்குகிறது? கைப்பயிற்சி, கால்பயிற்சி, பிறகு மூச்சு. அப்புறம் மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், கடைசியில் மல்லாந்து படுத்துத் தளர்த்துதல். எந்தெந்த மூட்டு பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தவர் போட்ட வரிசை அது. சக்கரக்காரர் அந்தக் கையையும் காலையும் தாண்டிக் குதித்து நேரே ஆக்கினைக்குப் போய்விட்டார். மனதுக்கு ஆறுதல்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பவர்களுக்கு: ஆறுதல் தாராளமாக இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்திருக்கக் கூலியோடு அனுமதியும் கொடுத்தால் இன்னும் ஆறுதலாக இருக்கும். தன்னைப் பேணிக்கொள் என்று ஒருவருக்குச் சொல்லும்போது அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதானே முறை? இதை அவரிடமே சொல்லிப் பார்க்கலாம். பொறுமையாகக் கேட்பார், கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விடுவார், சொன்னவருக்கு எந்தச் சக்கரத்தில் அடைப்பு என்று எடுத்துச் சொல்லுவார்.